கொண்டல் அடித்த காலை

எங்கள் பக்கம் மூக்கை யாரும் நம்புவதில்லை.
கச்சான் அடித்தால் மணலி,
வாடை அடித்தால் எண்ணூர்.
தென்றல் என்று ஒன்று பாட்டுகளில் வரும்,
இங்கே அது காசிமேட்டில் மீன் கழுவிய தண்ணீரோடு வரும்.
திசை தெரிந்தால் போதும்,
எந்த நாற்றத்துக்கும் முகவரி எழுதிவிடலாம்.

அஜாக்ஸ் ஸ்டாப்பிங் பின்னால்
தேசப்பன் அண்ணனின் சலவைக்கடை.
இரண்டு மெஷின், ஒரு டிரையர்.
ஏதோ ஹாஸ்டலில் கழித்துப்போட்ட டிரையர்,
சிலிண்டரில் ஓடும்.
ஐப்பசியில் மொட்டைமாடிகள் கைவிட்டபிறகு
அது ஒன்றுதான் எங்களுக்கு வெயில்.
வட்டக் கண்ணாடிக்குள்
மண்டபத்துப் போர்வைகள்,
நர்சிங் ஹோம் விரிப்புகள்,
யாருடையதோ ஒற்றைக் காலுறை
ஏறி ஏறி விழும்.

செவ்வாய்க்கிழமை
நர்சிங் ஹோம் ஆயா பியூலா
ஒரு தலையணை உறையை நீட்டி
"மோந்து பாரு" என்றாள்.
அழுகின முட்டைகோஸ்.
அண்ணன் சிரித்தார்.
"மணலிக் காத்தும்மா.
நாளையிலேர்ந்து ஜன்னல மூடிட்டு ஓட்றோம், போ."

மூடினோம்.

நானும்தான் நம்பினேன்.
பதினோரு வருஷமாக எல்லாவற்றையும்
மணலி தலையில் போட்டவள் நான்:
பையனின் இருமல், என் தலைவலி,
பீரோவுக்குள்ளேயே கருத்துப்போன கொலுசு.

வியாழக்கிழமை காலை
ஒண்டிக்குப்பத்திலிருந்து நடந்து வருகிறேன்.
முந்தானை மேற்கே பறக்கிறது.
கட்சிக்கொடி மேற்கே.
டீக்கடை ஆவி மேற்கே.
கொண்டல்.
வெறும் உப்பு, வேறொன்றும் இல்லை.
வருஷத்தில் சில நாள்தான்
கடல் எங்களை இப்படி அலசிவிடும்.

ஷட்டரைத் தூக்கினேன்.
கணுக்கால் உயரத்தில்
அதே முட்டைகோஸ் படுத்திருந்தது.

கொண்டல் அடிக்கையில்
மணலி எப்படி இங்கே வரும்?

கை அதுபாட்டுக்கு ஸ்விட்சுக்குப் போனது.
இன்னொருத்தியின் கையைப் பிடிப்பதுபோல
என் கையை நானே பிடித்து இழுத்தேன்.
பின்னால் ரஜப்நிஷா செல்லில் டார்ச் போடப் போனாள்.
"வேணாம்டி. உள்ள வராத. தள்ளிப் போ."
சந்து வழியாகச் சுற்றி ஓடி,
கம்பிக்கூண்டுக்குள் இருந்த சிலிண்டரை மூடினேன்.
பின்கதவை விரியத் திறந்தேன்.
டீக்கடைக்காரரிடம் அடுப்பை அணைக்கச் சொன்னேன்.
"இன்னும் போணியே ஆகல" என்று முறைத்தவர்
என் முகத்தைப் பார்த்து அணைத்தார்.
தேரடிப் பக்கம் பாதி தூரம் போய்த்தான்
அண்ணனுக்குப் போன் போட்டேன்.

முன்வாசலில் நுழைந்த கடல்காற்று
பின்வாசலில் வெளியேற
ஒரு மணி நேரம் ரோட்டில் நின்றோம்.

மெக்கானிக் எத்திராஜ்
டிரையரை நகர்த்தி டியூபை வளைத்துப் பார்த்தார்.
அதில் அச்சடித்த வருஷம்
என் பையன் ஒன்றாவது சேர்ந்த வருஷம்.
இப்போது ஏழாவது.
நாளெல்லாம் நாங்கள் சாக்கடையில் கொட்டும்
சோப்புத் தண்ணீரில் ஒரு கை அள்ளி,
சிலிண்டரைக் கொஞ்சம் திறக்கச் சொல்லி, தடவினார்.
ஒரு குமிழி.
அவசரமே இல்லாமல் பெருத்தது,
உடைந்தது.
அதே இடத்தில் இன்னொன்று.
அண்ணன் குந்தி உட்கார்ந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாய் மட்டும் "மணலின்னு நெனச்சேன்" என்றது.

புது டியூப். புது ரெகுலேட்டர்.
புகைபோக்கியிலிருந்து எடுத்த பஞ்சு
ஒரு பூனை அளவுக்கு இருந்தது.

ராத்திரி காற்று திரும்பியது.
திறந்திருந்த ஜன்னல் வழியாக
மணலி வந்து எங்களோடு உட்கார்ந்தது.
"இதுக்கு எங்கக்கா ரெகுலேட்டர்?" என்றாள் ரஜப்நிஷா,
விரிப்பை மடித்துக்கொண்டே.

பதில் தெரியவில்லை.
பியூலா திருப்பிக் கொடுத்த தலையணை உறையை
ஷட்டர் மேல் கம்பியில் கட்டியிருக்கிறேன்.
தினமும் அது பறக்கும் பக்கம் பார்த்துவிட்டுத்தான்
உள்ளே மோப்பம் பிடிக்கிறேன்.
சில காலைகளில்
அசையாமல் தொங்குகிறது.
அன்றைக்கு மட்டும்
பூட்டைத் திறந்த பிறகும்
கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன்.